போன அலை ஏன் திரும்புகின்றது?

வீட்டு ஏரியலில் நேரும் கோளாறுகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

வானொலி கேட்போர் பலர். வானொலியிற் பேசுவோர் சிலர். அரசின் அனுமதிப் பத்திரம் பெற்று, தம் வீட்டிலிருந்தவாறே கடல் கடந்த நாட்டவருடன் சிற்றலை வழியே உரையாடும் அச்சிலரை அமெச்சூர் வானொலியினர் என்று உலகம் அழைக்கின்றது. இதில் ஊதியம் இல்லை; வணிகம் பேசுதல் விதிக்கு விரோதம். அறியும் ஆவலும் பிறர்க்கு உதவும் மனமுமே இக்கலைக்கு முதல். நமது நாட்டில் உரிய பரீட்சையிற் சித்தியெய்தி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெறுவோர், '4எஸ்' என்று தொடங்கும் அழைப்புக்குறியுடன் வானலையில் ஏறுகின்றனர்.

இவ்வாறு புதிதாக ஏறிய மாணவர் பலரும் சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. "எனக்கு உலகமெல்லாம் கேட்கிறது, என்னைத்தான் ஒருவரும் கேட்பதாக இல்லை" என்பதே அது. உடனே அவர்கள் பெட்டியைத் திறந்து பார்க்கின்றனர். அல்லது இன்னும் பெரிய பெட்டியை வாங்கப் பணம் சேர்க்கின்றனர். பெரும்பாலும் குற்றம் பெட்டியில் இருப்பதில்லை. முற்றத்தில், தென்னைக்கும் வேம்புக்கும் இடையே கட்டிய கம்பியிலோ, அதிலிருந்து சன்னல் வழியே உள்ளே வரும் வடத்திலோ அது ஒளிந்திருக்கின்றது.

இஃது ஒரு பொழுதுபோக்குக்காரரின் கவலை மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நமது கரைகளைத் தாக்கி, முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்ற வேளையில், தொலைபேசிக் கம்பிகளும் அறுந்தன. அப்போது அம்பாந்தோட்டைக்குச் சென்ற அமெச்சூர் வானொலியினர், சிற்றலை வழியே கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்திச் செய்திகளைக் கொண்டுசேர்த்தனர். அதே நாளில் அந்தமான் தீவின் போட் பிளேயரில் தம் நிலையத்துடன் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, தீவினரின் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார். அத்தகைய ஒரு நாளில் ஏரியல் பழுதென்று அறிய நேர்ந்தால் எவ்வளவு துன்பம்! ஆதலால் அமைதியான நாளிலேயே அதனைச் சோதித்தறிவது கடமையாகின்றது.

தடங்கல் என்பது யாது?

நேரோட்டத்தைக் கம்பி எதிர்ப்பதைத் தடை என்று பாடசாலையிற் படிக்கின்றோம். கணந்தோறும் திசைமாறும் ஆடலோட்டத்துக்கு வேறு வகையான எதிர்ப்பும் உண்டு. சுருளும் கொள்ளளவியும் மின்சக்தியைச் சற்று நேரம் வாங்கி வைத்திருந்து திருப்பிக் கொடுக்கின்றன. தடையும் இந்த வாங்கிக் கொடுக்கும் குணமும் சேர்ந்ததே தடங்கல். இதனையும் ஓம் என்னும் அலகாலேயே அளக்கின்றோம். இக்கருத்துக்கு 1886ஆம் ஆண்டிற் பெயரிட்டவர் ஒலிவர் ஹெவிசைட் என்னும் ஆங்கிலேய அறிஞர்.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிற் பம்பிகள் வருவதற்கு முன் துலா மிதித்து நீர் இறைத்ததை முதியோர் அறிவர். ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடப்பார். மற்றவர் கிணற்றடியிற் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்றுவார். இருவர் நடையும் ஒத்திருந்தால் நீர் சிந்தாமற் பயிரைச் சேரும். நடை பிசகினால் பட்டை கிணற்றுச் சுவரில் மோதும். நீரில் ஒரு பகுதி வந்த வழியே கிணற்றுக்குட் போய்விடும். உழைப்பில் குறைவில்லை, பயிருக்குப் போய்ச் சேர்ந்ததில்தான் குறைவு. பெட்டி, வடம், ஏரியல் ஆகிய மூன்றின் தடங்கல்களும் ஒத்திருக்க வேண்டும் என்பதன் பொருள் இதுவே.

இன்றைய பெட்டிகள் 50 ஓம் தடங்கலுக்கென ஆக்கப்பட்டவை. நடுவே ஒரு கம்பியும், அதனைச் சூழ்ந்து செப்புப் பின்னலும் கொண்ட கோஅக்சியல் வடமும் பெரும்பாலும் 50 ஓம் உடையதே. ஏரியலோ தன் நீளத்தாலும் உயரத்தாலும் சூழலாலும் தன் தடங்கலைத் தானே தீர்மானித்துக் கொள்கின்றது. தடையற்ற வெளியில், சரியான நீளத்திற் கட்டிய அரை அலை ஏரியலின் நடுவில் அது ஏறக்குறைய 73 ஓம் ஆகும்.

முள் சொல்லும் கணக்கு

கயிறொன்றின் ஒரு முனையைத் தூணிற் கட்டி, மறுமுனையைப் பிடித்துச் சுண்டினால், கயிற்றில் ஓடிய அலை தூணில் மோதித் திரும்பி வருவதைக் காணலாம். வடத்தின் முனையில் தடங்கல் ஒவ்வாதபோதும் அவ்வாறே போன அலையில் ஒரு பங்கு திரும்புகின்றது. போகும் அலையும் திரும்பும் அலையும் கலந்து வடத்தில் நின்ற அலைகளை உண்டாக்குகின்றன. அவற்றின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள விகிதமே நின்ற அலை விகிதம். இதனைக் காட்டும் மானி ஒவ்வொரு நிலையத்திலும் இருத்தல் வேண்டும்.

விகிதம் 1 எனில் ஒன்றும் திரும்பவில்லை. 1.5 எனில் அனுப்பிய வலுவில் நூற்றுக்கு 4 பங்கு திரும்புகின்றது. 2 எனில் 11 பங்கு. 3 எனில் 25 பங்கு. 73 ஓம் ஏரியலை 50 ஓம் வடத்தில் இணைத்தால் விகிதம் ஏறக்குறைய 1.5 தான். இதற்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. திரும்பிய அலை முழுவதும் பெட்டிக்குள் எரிந்து போகின்றது என்று எண்ணுவதும் பிழை. அது மறுபடியும் முன்னோக்கித் தள்ளப்படுகின்றது. ஆயினும் ஒவ்வொரு பயணத்திலும் வடம் தன் வரியை அறவிடத் தவறுவதில்லை. விகிதம் மிக உயருமானால், இன்றைய பெட்டிகள் தம் திரான்சிஸ்டர்களைக் காத்துக்கொள்ளத் தாமே வலுவைக் குறைத்துவிடுகின்றன. பேசுவோர் குரலை உயர்த்தி என்ன பயன்?

முதற் கேள்வி, பின்னர் சோதனை

மருத்துவர் நாடி பிடிக்குமுன் "எப்போது தொடங்கியது?" என்று கேட்கின்றார் அல்லவா? நாமும் அவ்வாறே கேட்க வேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்து இன்று முள் திடீரென உயர்ந்தால், எங்கோ கம்பி அறுந்துள்ளது அல்லது பற்றாசு விட்டுள்ளது. மழை பெய்தாற் கெட்டு, வெயில் எறித்தாற் சீராகுமானால் எங்கோ நீர் புகுகின்றது. காற்று வீசும்போது முள் துடிக்குமானால் ஓர் இணைப்பு இளகியுள்ளது. கட்டிய நாள் முதலே சரியில்லையெனில் நீளமோ இடமோ பிழை.

அடுத்து, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாகச் சோதிக்க வேண்டும். இதற்கு உதவுவது போலிச் சுமை என்னும் 50 ஓம் தடை. 1,000 ஓம், 2 வாற்றுக் காபன் தடைகள் இருபதைச் சமாந்தரமாக இணைத்தால் 50 ஓமும் 40 வாற்றுத் தாங்கும் திறனும் கிடைத்துவிடும். மாணவர் எவரும் இதனைத் தாமே செய்யலாம். கம்பி சுற்றிய தடைகள் மட்டும் ஆகா. அவை தாமே சுருளாக நடந்து கணக்கைக் குழப்பும்.

முதலாவதாக, மானியின் வெளிவாயிலில் போலிச் சுமையை நேரே பொருத்திக் குறைந்த வலுவில் அனுப்புக. விகிதம் 1 அல்லது அதற்கு மிக அருகில் வராவிடின், கோளாறு மானியிலோ, பெட்டிக்கும் மானிக்கும் இடையிலுள்ள சிறு வடத்திலோ இருக்கின்றது. முற்றத்துக்கு இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவதாக, பெரிய வடத்தை ஏரியலிலிருந்து கழற்றி, அதன் தொலை முனையிற் போலிச் சுமையை இணைத்துப் பார்க்குக. இப்போது முள் கெட்டால் குற்றவாளி வடமும் அதன் பிளக்குகளுமே. வடத்தின் இரு முனைகளையும் வெறுமனே விட்டு, நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே ஓம்மானியால் அளந்தால் ஓட்டம் எதுவும் காணப்படலாகாது. சிறிது காணப்பட்டாலும் ஈரமோ, பற்றாசுத் துளியோ, பின்னலின் ஒரு மெல்லிய இழையோ குறுக்கே நிற்கின்றது என்று கொள்க.

மூன்றாவதாக, இவ்விரண்டும் நன்றெனில் ஏரியலைப் பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றாதிருத்தல் நலம். முதலிலேயே கம்பியை வெட்டத் தொடங்குவோர், பிளக்கிலிருந்த பிழைக்காக நல்ல ஏரியலைக் குட்டையாக்கிவிடுகின்றனர்.

நீளமும் பரிவும்

ஊஞ்சலை அதன் வேகத்துக்கு இசையத் தள்ளினால் சிறுவிரலாலும் ஆட்டலாம். அத்தகைய இசைவே பரிவு. 7.1 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் அலைநீளம் 42 மீற்றருக்குச் சற்று மேற்பட்டது. அதில் அரைவாசி 21 மீற்றர். கம்பியின் முனைகளில் நிகழும் விளைவினால் அதில் ஐந்து வீதம் குறைத்து, ஏறக்குறைய 20 மீற்றர் கட்டினாற் பரிவு கிடைக்கும். நடுவில் அறுத்துக் கரமொன்றுக்கு 10 மீற்றராக அமைக்க வேண்டும். பிளாஸ்ரிக் உறையிட்ட கம்பியெனில் இன்னும் இரண்டு மூன்று வீதம் குறைவே போதும்.

நீளம் மிகுந்த ஏரியல் சுருளைப் போலவும், நீளம் குறைந்தது கொள்ளளவியைப் போலவும் நடந்துகொள்கின்றது. எது மிகுந்தது, எது குறைந்தது என்று அறிவது எளிது. வரிசையின் கீழ்முனையிலும் நடுவிலும் மேல்முனையிலும் விகிதத்தை அளந்து எழுதுக. கீழ்முனையில் விகிதம் குறைவாகவும் மேலே போகப்போக அதிகமாகவும் இருந்தால் கம்பி நீளம். மாறாக இருந்தால் குட்டை. கரமொன்றுக்கு 10 சென்ரிமீற்றர் குறைத்தால் பரிவு மீடிறன் ஒரு வீதம், அதாவது ஏறக்குறைய 70 கிலோஹேர்ட்ஸ் உயரும். இரு கரங்களையும் சமமாகவே குறைத்தல் வேண்டும். கத்தரிக்கோலை எடுக்காமல், முனைக் கம்பியை மடித்துத் தன்மேலேயே இறுகச் சுற்றிவிடுவது விவேகம். வெட்டிய கம்பி வளராது. மடித்த கம்பியை மீண்டும் விரிக்கலாம்.

நீளம் சரியாகியும் விகிதம் இறங்காவிடின் உயரத்தையும் அயலையும் நோக்குக. நிலத்துக்கு மிக அருகிற் கட்டிய ஏரியலின் தடங்கல் வீழ்ந்துவிடும். தகரக் கூரை, இரும்பு நீர்க்குழாய், வேலிக் கம்பி ஆகியவை அருகிலிருப்பின் அவையும் ஏரியலின் பகுதியாகிவிடுகின்றன. ஒரே ஒரு உயரமான மரமே உள்ள வளவிற் கம்பியின் நடுவை உயர்த்தி, இரு கரங்களையும் கூடாரம் போற் சரித்துக் கட்டலாம். சரிக்கும்போது தடங்கல் 73 ஓமிலிருந்து இறங்கி 50ஐ நெருங்குவதால், இடவசதியில்லாதோர்க்கு இஃது இரட்டை நன்மை. தென்னை காற்றில் ஆடும் மரம் என்பதை மறவாமல், ஒரு முனையில் கப்பியும் தொங்கு சுமையும் அமைத்தாற் கம்பி அறாது.

வடத்தின் வெளிப்புறத்தில் ஓடும் ஓட்டம்

சில வீடுகளில் விசித்திரமான நோயொன்று காணப்படும். வடத்தைக் கையாற் பிடித்தால் முள் அசையும். அதன் நீளத்தைச் சற்று மாற்றினால் விகிதம் மாறும். ஒலிவாங்கி உதட்டிற் பட்டாற் சுள்ளென்று உறைக்கும். பக்கத்து அறையிற் தொலைக்காட்சி முணுமுணுக்கும். பின்னலின் உட்புறத்தில் ஓட வேண்டிய ஓட்டத்தின் ஒரு பகுதி, ஏரியலின் நடுவிலிருந்து பின்னலின் வெளிப்புறம் வழியே இறங்கி வருகின்றது என்பதற்கு இவை அடையாளங்கள். அந்நிலையில் வடமே மூன்றாவது கரமாகிவிடுகின்றது.

இதற்குப் பரிகாரம், ஏரியலின் நடுவில் வடம் சேருமிடத்தில் ஒரு தடுப்புச் சுருள் அமைப்பதாகும். வடத்தையே பத்துச் சுற்றளவிற் சுருட்டிக் கட்டலாம். பெறைற்று வளையத்திற் சுற்றினால் மேலும் சிறப்பு. உள்ளே ஓடும் அலையை அது தீண்டாது. வெளிப்புற ஓட்டத்தை மட்டும் மறிக்கும்.

நல்ல முள்ளும் பொய் சொல்லும்

இதுவரை கெட்ட முள்ளைப் பற்றிச் சொன்னோம். அதனினும் ஆபத்தானது, காரணமின்றி நல்லதாகிவிட்ட முள். கடலோர ஊரிலுள்ள மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். அவனுடைய பெட்டி 20 வாற்று வலுவுடையது. வடம் ஆறு மழைக்காலங்களைக் கண்டது. மானி 1.1 காட்டுகின்றது, வரிசையின் எந்த முனைக்குப் போனாலும் முள் அசைவதில்லை. "என்ன அருமையான ஏரியல்!" என்று அவன் மகிழ்கின்றான். ஆனால் அவன் அழைப்புக்கு மறுமொழி அரிதாகவே வருகின்றது.

உண்மை யாது? மேற்பிளக்கின் வழியே மழைநீர் புகுந்து, பின்னலின் இழைகளூடே இறங்கி, செம்பைக் கறுப்பாக்கிவிட்டது. ஏரியலைக் கழற்றிப் போலிச் சுமையையும் வலுமானியையும் வைத்து அளந்தால், தொலை முனைக்குப் போய்ச் சேர்வது 5 வாற்று மாத்திரமே. நாலில் மூன்று பங்கை வடம் வெப்பமாக்கி உண்டுவிடுகின்றது. ஏரியலே அறுந்து விழுந்து, அந்த 5 வாற்றும் முழுமையாகத் திரும்பினாலும், வரும் வழியில் மறுபடி நாலில் மூன்று பங்கு அழிய, மானியை அடைவது ஒன்றேகால் வாற்று. அது காட்டும் விகிதம் ஏறக்குறைய 1.7 தான்! திரும்பி வரும் அலையைக் கெட்டுப்போன வடம் விழுங்கிவிடுவதால், மானிக்குக் குற்றமே தெரிவதில்லை. போலிச் சுமையும் 1 என்றே காட்டுகின்றது. அதனால் ஒரு சொல்லும் வானேறுவதில்லை என்பதை நினைவிற் கொள்க.

அவ்வாறாயின் அவனுக்கு உலகம் எவ்வாறு நன்றாகக் கேட்கின்றது? 7 மெகாஹேர்ட்ஸில் வானத்திலிருந்து வரும் இரைச்சலே மிகுதி. கெட்ட வடம் வேண்டிய குரலையும் வேண்டாத இரைச்சலையும் ஒரே அளவிற் குறைக்கின்றது. இரண்டும் சேர்ந்து குறையும்போது செவிக்கு வேற்றுமை தோன்றுவதில்லை. ஆனால் அவன் குரல் மட்டும் மறுமுனையில் நாலில் ஒன்றாகத் தேய்ந்து, இரைச்சலுள் மூழ்குகின்றது. தொடக்கத்திற் கூறிய முறைப்பாட்டின் மருமம் இதுவே.

இதனைக் கண்டறிய எளிய உபாயம் ஒன்றுண்டு. 7 மெகாஹேர்ட்ஸுக்கு அரை அலையாக இருக்கும் கம்பி, 14 மெகாஹேர்ட்ஸில் முழு அலையாகின்றது. அங்கே அதன் நடுத் தடங்கல் ஆயிரக்கணக்கான ஓம். ஆகவே, அனுமதி பெற்ற 14 மெகாஹேர்ட்ஸ் வரிசைக்கு மாறி, மிகக் குறைந்த வலுவில் ஒரு கணம் அளந்து பார்த்தால், 15 மீற்றர் அளவான நல்ல வடத்தில் முள் மிக மோசமாக உயர்ந்தே ஆக வேண்டும். அங்கும் அது இரண்டுக்குக் கீழே அமைதியாக நின்றால் வடம் சத்தியம் பேசவில்லை. அதனைத் தயங்காமல் மாற்றிவிட வேண்டும்.

புதிய வடம் இடுவோர் பிளக்கை ஈரம் புகா நாடாவாற் சுற்றி, வாய் கீழ்நோக்கத் தொங்கவிட்டு, சன்னலுக்கு முன் வடத்தைச் சிறிது தாழ வளைத்துவிட்டால் மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். சிறு செலவே ஆகும் இக்கவனம் பெருஞ் செலவைக் காக்கும்.

டியூனர் என்னும் சமரசக்காரர்

விகிதம் கெட்டதும் டியூனரை வாங்கி வைப்போர் உளர். அது பெட்டிக்கும் வடத்துக்கும் இடையே நின்று சமரசம் செய்து, பெட்டியை மகிழ்விக்கும். வடத்துக்கு அப்பால் இருக்கும் பிணக்கு அப்படியேதான் இருக்கும். நல்ல குறுகிய வடத்தில், சிற்றளவான ஒவ்வாமைக்கு அது தக்க துணைதான். அறுந்த கரத்தையும் நனைந்த பிளக்கையும் அதன் மறைவில் வைத்திருப்பது, காய்ச்சலுக்கு மருந்து செய்யாமல் வெப்பமானியைத் திருத்துவதை ஒக்கும்.

உயிரே முதல்

இவற்றையெல்லாம் செய்யுமுன் சில சொற்கள். மின்சாரசபைக் கம்பிகளுக்கு மேலோ கீழோ, அறுந்து விழுந்தால் அவற்றைத் தொடக்கூடிய தூரத்திலோ ஏரியல் கட்டலாகாது. அலை அனுப்பும்போது ஒருவரும் ஏரியலைத் தொடலாகாது. உயர் மீடிறன் ஓட்டம் தோலைச் சுடும். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட பங்குனி, சித்திரை, ஐப்பசி மாதங்களில், பிற்பகல் முகில் கறுக்கும்போதே வடத்தைப் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே விட்டுவிட வேண்டும். இடி கேட்ட பின் ஓடிப்போய்க் கழற்றுவது அறிவன்று. மரத்தில் ஏறுவோர் தனியே ஏறலாகாது.

இறுதியாக, மாணவ நண்பர்கள் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்வார்களாக. ஏரியலைக் கட்டி முடித்த அன்றே, ஒவ்வொரு மீடிறனிலும் முள் காட்டிய எண்ணை ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். வடத்தின் தொலை முனையில் எத்தனை வாற்றுக் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். ஆண்டுதோறும் மாரிக்கு முன்னும் பின்னும் அதே அளவுகளை மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள். முள் உயர்ந்திருந்தால் ஆராயுங்கள். காரணமின்றித் தாழ்ந்திருந்தால் இருமடங்காக ஆராயுங்கள். கம்பிகளெல்லாம் அறுந்து, ஊர் இருளில் மூழ்கும் நாள் நமக்கு வாராதிருக்கட்டும். வந்தால், அன்று ஒருவர் பேசும் சொல் மறுகரையைச் சேர வேண்டும்.